முடி கொடுத்த செய்தி

சித்தூர்
12 மே 1973

அன்புள்ள தபீதாளுக்கு,

நான் திருமலைக்குப் போய் மொட்டையடித்துக்கொள்ளவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நம் சபையிலிருந்து யாராவது உனக்கு வேறு விதமாக எழுதியிருப்பார்கள். என் முடி என் தலையில்தான் இருக்கிறது. வழக்கம்போல் எண்ணெய் வைத்து, வாரி, கொண்டை போட்டு, ஊசி குத்தியிருக்கிறேன். சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வதந்திக்குக் காரணம் நீ. ஈஸ்டருக்குப் போதகர் மனைவி ஞானம்மாளுக்கு வாழ்த்து எழுதினாய் அல்லவா? அதன் அடியில், "முடியைக் கொடுத்துவிட்டேன் அக்கா, இனி நிம்மதி" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். பர்மிங்காமில் அதற்கு என்ன அர்த்தமோ எனக்குத் தெரியாது. திருப்பதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் சித்தூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஞானம்மாள் அதை மாதர் சங்கத்தில் உரக்கப் படித்தாள். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா கிருபாக்கா, பாப்பா முடி குடுத்துட்டாளாமே! இன்னா வேண்டுதலு? சீமையில கூட மலை கீதா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பெற்ற மகள் தலைமுடியை வெட்டிக்கொண்டாள் என்ற செய்தியை நான் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாராவாரம் எனக்குக் கடிதம் எழுதுகிறாய். மழை பெய்தது, உருளைக்கிழங்கு வேகவைத்தேன் என்றெல்லாம் எழுதுகிறாய். இதை எழுத உன் பேனாவில் மை இல்லை.

மறுநாளே பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். மலைக்கு அல்ல. மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகும் சாலையில் நாகபூஷணம் என்று ஒரு முடி வியாபாரி இருக்கிறான். பின்னலோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளச் சவுரி கட்டிக் கொடுப்பான். வெயிலுக்காக முக்காடு போட்டிருந்தேன். ஞானம்மாளின் தம்பி தனராஜ் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போயிருக்கிறான். முக்காடு போட்ட கிருபாபாயை அலிபிரிச் சாலையில் பார்த்தவன் அக்காளிடம் போய் என்ன சொல்லியிருப்பான் என்பதை நீயே யோசித்துக்கொள்.

அந்த நாகபூஷணம், "அம்மா, முடி குடுக்கிறவங்க மேல போவாங்க. நீங்க இன்னா கீழ எங்கிட்ட வந்துக்கினு கீறீங்க?" என்றான். வாங்க வந்திருக்கிறேன், சுருட்டை முடியில் சவுரி வேண்டும் என்றேன். "சுருட்டையா? அல்லாரும் நீட்டு முடிதாம்மா கேப்பாங்க" என்று சொல்லி, மூலையில் கிடந்த ஒரு சாக்கை அவிழ்த்தான். "இது நாடகக்காரங்களுக்குப் போவுது. ராட்சசன் வேசம் கட்டறதுக்கு."

என் மகள் ராட்சசன் அல்ல, ஸ்டாஃப் நர்ஸ் என்று சொன்னேன். "கோச்சுக்காதீங்கம்மா. எலும்பு ஒடிஞ்சா புத்தூர் கட்டுக்குப் போலாம், முடி ஒடிஞ்சா எங்கிட்டதான வரணும்" என்றான். அந்தச் சாக்கிலிருந்தே உன் முடிக்குப் பொருத்தமானதை நான் ஒவ்வொரு கற்றையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். என் கண் முன்னால் இரண்டு தரம் அலச வைத்தேன்.

விமானத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீ போய் நாலு வருஷம் கழித்து இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறாய். இதை வைத்துப் பின்னிக்கொண்டுதான் நம் சபைக் கோயிலுக்குள் வர வேண்டும். ஏன் வெட்டினாய் என்று எழுது.

உன் தாயார்,
கிருபாபாய் வேதநாயகம்


பர்மிங்காம்
2 ஜூன் 1973

அன்புள்ள அம்மாவுக்கு,

முடிதிருத்தும் கடைக்காரி டோப்பா கட்டுவதற்கு வேண்டும் என்று கேட்டாள். கொடுத்தேன். அவ்வளவுதான் "முடி கொடுத்தது." சித்தூரில் அதை எப்படிப் படிப்பார்கள் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. ஞானம்மாள் அக்காவுக்கு விவரமாக எழுதியிருக்கிறேன். அதையும் அவர்கள் கூட்டத்தில் படிப்பார்கள், நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

ஏன் வெட்டினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிடுகிறது. அடுப்பில் காட்டி உருக்கித் தேய்த்தால், வார்டு சிஸ்டர் மூக்கைச் சுளித்து, நோயாளிகளுக்கு அந்த வாசனை ஆகாது என்கிறார். எண்ணெயை நிறுத்தினேன். சோப்பு போட்டால் அலசினாலும் போகாமல் தலையில் வெள்ளையாகப் படிகிறது. சீயக்காய் போட்டுக் குளித்தால் தொட்டி அடைத்துக்கொள்கிறது என்று வீட்டுக்காரம்மா கதவைத் தட்டுகிறாள். காயவைக்க வெயில் கிடையாது. ஈரத் தலையோடு நர்ஸ் தொப்பியைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். கேஸ் கணப்பின் எதிரில் உட்கார்ந்து காயவைத்தேன், அது வைக்கோலாகிவிட்டது. பிறகு சிக்கு. சிக்கென்றால் பறவைக் கூடு. நீங்கள் கொடுத்தனுப்பிய சீப்பால் நீங்கள் வாருவது போலவே உச்சியிலிருந்து கீழே இழுத்தேன். பிடரியில் கொத்தாக ஒடிஞ்சது. பிறகு சீப்பே ஒடிஞ்சது.

அதற்கு மேல் எனக்கு முடியவில்லை. காதுக்கு மேலே வெட்டச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுதவில்லை, பயம்தான். முப்பத்தோரு வயதில் இன்னும் பயம்.

சவுரி வந்து சேர்ந்தது. சுங்கத்தில் பிரித்துப் பார்த்து, எந்த விலங்கு என்று கேட்டு எழுதியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். வீட்டுக்காரம்மா அதைப் பார்த்து அலறியதில் மாடியிலிருந்து ஐவி ஓடிவந்தாள். நல்ல சவுரிதான் அம்மா, என் முடியைவிட அழகாகச் சுருண்டிருக்கிறது. ஆனால் நான் அதை வைத்துக்கொள்ளப்போவதில்லை.

ஐவி யார் என்று கேட்பீர்கள். ஜமைக்காவைச் சேர்ந்தவள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மிட்வைஃப், எனக்கு மூத்தவள். அவளுக்கு என்னைவிடச் சுருள் அதிகம். என் தலையைப் பார்த்துவிட்டு, "உன் தலையோடு உனக்கு என்ன சண்டை?" என்று கேட்டாள். சுருட்டை முடியைக் காய்ந்திருக்கும்போது வாரவே கூடாதாம். ஈரமாக இருக்கும்போது, அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். துண்டால் துவட்டாமல் பழைய பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். எண்ணெயை ஈரத்தின் மேல் இரண்டு சொட்டு போதும். படுக்கும்போது பட்டுத் துணி கட்டிக்கொள்ள வேண்டும். இப்போது இரண்டு மாதமாக அப்படித்தான் செய்கிறேன். ஒடிவது நின்றுவிட்டது.

அம்மா, நாம் இத்தனை வருஷமும் தப்பாக வாரியிருக்கிறோம். சின்ன வயதில் நான் அழுவேன். "அழுதால் இன்னும் இறுக்கிப் பின்னுவேன்" என்பீர்கள். நைனா வெளியே எழுந்து போய்விடுவார். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

டிசம்பர் 18 விமானத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இருக்கிற தலையோடு வருகிறேன்.

அன்பு மகள்,
தபீதாள்


சித்தூர்
19 ஜூன் 1973

தபீதாளுக்கு,

"ஒடிந்தது" என்று எழுத வேண்டும். "ஒடிஞ்சது" என்று எழுதக் கூடாது. சீமைக்குப் போனவுடன் இலக்கணமும் ஒடிந்துவிடுமா?

"தப்பாக வாரியிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறாய். "நாம்" என்று மரியாதைக்குச் சேர்த்திருக்கிறாய். வாரியது நான். அழுதால் இறுக்கிப் பின்னுவேன் என்று சொன்னது உண்மை. இறுக்கிப் பின்னியதும் உண்மை. அந்தப் பின்னலோடுதான் நீ மேடை ஏறிப் பரிசு வாங்கினாய். உன் தலையைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சின்ன வயதில் என் தலையைப் பார்த்துச் சொன்னார்கள். கான்வென்டில் என் முடி பின்னலிலிருந்து பிரிந்தால், சிஸ்டர் என்னை வகுப்பின் முன்னால் நிற்கவைத்துத் தண்ணீர் தொட்டுப் படிய வாருவார். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். என் மகளைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று நான் சீப்பைக் கையில் எடுத்தேன். உன் நைனா எழுந்து வெளியே போனார் என்கிறாய். வெளியே போகிறவர்களுக்கு நல்ல பெயர்தான் கிடைக்கும்.

இப்போது யாரோ ஒரு அம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு மாதத்தில் எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டாள். படுக்கப் பட்டுத் துணியாம். கலியாணத்துக்கு உடுத்துகிற பட்டைத் தலையில் கட்டிக்கொண்டு படுப்பதா?

சவுரியை வைத்துக்கொள்ள மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். நான் அந்தக் கடையில் ராட்சசன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றது உனக்காக. இங்கே ஞானம்மாள், வேறு தெய்வத்துக்குக் கொடுத்த முடியை வாங்கி மகளுக்கு அனுப்பினேன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறாள். போதகர் அதைப் பற்றிப் பிரசங்கமே செய்தார். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்ற வசனத்தை மட்டும் சொன்னார். நான் அந்த முடியைச் சாப்பிடவில்லை என்று வாசலில் வைத்து அவரிடம் சொன்னேன்.

ஆகவே கேள். காதுக்கு மேல் வெட்டிய தலையோடு, பின்னலும் இல்லாமல், நீ இந்தக் கோயிலுக்குள் நடந்து வந்தால், இவர்கள் சொன்னதெல்லாம் உண்மை என்று ஆகிவிடும். மொட்டையடித்து முளைத்த முடி என்பார்கள். முடி வளரும்வரை வராதே.

கிருபாபாய் வேதநாயகம்


பர்மிங்காம்
8 ஜூலை 1973

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டிசம்பர் லீவை என்னோடு வேலை செய்யும் கேரளப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். விமான டிக்கெட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே இன்னும் மூன்று வருஷத்துக்கு வேலை நீட்டித்துத் தருகிறார்கள். செப்டம்பர் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நடுவில் ஊருக்கு வரும் லீவு கிடையாது.

என் முடி மாதம் அரை அங்குலம்தான் வளரும். சுருள்வதால் அதுவும் தெரியாது. உங்கள் கணக்கில் அது எப்போது வளர்ந்ததாகும் என்று எனக்குத் தெரியவில்லை.

தபீதாள்


சித்தூர்
20 ஆகஸ்டு 1973

தபீதாளுக்கு,

உன் ஜூலைக் கடிதத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்தின இரண்டுக்கும் பதில் இல்லை. ஞானம்மாளுக்கு எழுதுகிறாய் என்று தெரிகிறது. "தபீதா சௌக்கியமாம், அம்மாகிட்ட சொல்லச் சொன்னா" என்று கோயில் வாசலில் நின்று சொல்கிறாள். என் மகளின் சௌக்கியத்தை எனக்கு யாரும் வாசலில் நின்று பிச்சை போட வேண்டாம்.

மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாயா இல்லையா? அந்த ஒரு வார்த்தையையாவது எழுது.

எனக்கு அறுபத்தேழு ஆகிறது. இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

கிருபாபாய் வேதநாயகம்


சித்தூர்
12 செப்டம்பர் 1973

அன்புள்ள தபீதாளுக்கு,

நான் மாதர் சங்கத்தில் சண்டை போட்டேன் என்று உனக்கு எழுதியிருப்பார்கள். சண்டை போடவில்லை. பேசினேன். சத்தம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

நேற்று காலை கூட்டம் ஞானம்மாள் வீட்டில். ஜெபம் முடிந்து காப்பி கொடுக்கும் நேரத்தில் அவள் உன் புகைப்படத்தை எடுத்து வந்தாள். அதையும் அவளுக்குத்தான் அனுப்பியிருக்கிறாய், அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். படத்தில் நீயும் உயரமான ஒரு அம்மாளும் ஏதோ பூங்காவில் நிற்கிறீர்கள். நீ தலையில் ஒன்றும் போடாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாய். படம் கைமாறிக் கைமாறி வந்தது. எனக்குக் கடைசியாக வந்தது.

"இன்னா அக்கா இது, காக்கா கூடு மாதிரி!" என்றாள் ஞானம்மாள். "நீங்கதான் அவ்ளோ தொலைவு போய் சவுரி வாங்கி அனுப்பினீங்களே. அத்த வெச்சிக்கினு போட்டோ புடிச்சிருக்கலாம்ல?"

அவளுடைய பெரிய மருமகள் சென்னம்மா, "அந்தக் கறுப்பம்மாகூட சேந்துக்கினு இவளும் அது மாதிரியே ஆயிட்டா" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

"அந்த அம்மாள் பேர் ஐவி. மிட்வைஃப். எத்தனையோ குழந்தைகளைக் கையில் வாங்கியவள். இந்தக் கூடத்தில் மிட்வைஃப் படித்தவர்கள் யார் என்று கை தூக்குங்கள்" என்றேன். ஒருவரும் தூக்கவில்லை.

"அதுக்கு இன்னா கோவம் அக்கா? முடியைத்தான சொன்னோம்" என்றாள் ஞானம்மாள். "உங்க முடி எப்டி படிஞ்சி கீது! பாப்பாவுக்கு மட்டும் ஏன் இப்டி? வேதநாயகம் சார் பக்கத்துல சுருட்டையா?"

உன் நைனாவின் முடி கோரைப்புல். அது உனக்கும் தெரியும். செத்துப்போன மனுஷன் மேல் இந்தப் பழியையும் போட்டால் நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? காப்பியைக் கீழே வைத்தேன். கொண்டை ஊசிகளைப் பிடுங்கினேன். எண்ணெய் வைத்த முடி, லேசில் அவிழவில்லை. கையால் உதறினேன். பிறகு அது தானாகவே எழுந்து நின்றது. உனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது, நீயும் பார்த்ததில்லை. வெள்ளையாகவும் கறுப்பாகவும், தோளைச் சுற்றி, ஒன்றுக்கொன்று அடங்காமல்.

"எங்கள் வீட்டுச் சுருட்டை. என் பக்கத்துச் சுருட்டை. காக்கா கூடு என்று என்னைப் பார்த்துச் சொல்" என்றேன்.

ஞானம்மாள் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "இவ்ளோ நாளா இத்த எங்கக்கா ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" என்றாள். ஒளித்து வைக்கவில்லை, வாரி வைத்திருந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சென்னம்மா ஊசிகளைப் பொறுக்கிக் கொடுக்க வந்தாள். வேண்டாம் என்றேன். அப்படியே தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தேன். மார்க்கெட்டில் கீரைக்காரி ரத்னம்மா, "இன்னா டீச்சரம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை. சீப்பு உள்ளே போகவில்லை. ஒரு முறையைத் தவறு என்று சொல்வதற்கு முன் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கான்வென்டில் கற்பித்திருக்கிறார்கள். ஆகையால், மறுப்பதற்காகவே, தலைக்குக் குளித்து, ஈரத்தோடு, நுனியிலிருந்து ஆரம்பித்து வாரினேன். அகலப் பல் சீப்பு என்னிடம் இல்லை, பேன் சீப்பும் சாதாரணச் சீப்பும்தான். விரலால் பாதி, சீப்பால் பாதி. வலிக்கவில்லை. சீப்பில் வந்த முடி வழக்கத்தில் பாதிகூட இல்லை. இதை நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதே. நடந்ததை எழுதுகிறேன். காய்வதற்கு மாலைவரை ஆயிற்று. ரவிக்கையின் முதுகெல்லாம் நனைந்து தும்மல் வந்தது. அந்த அம்மாளின் முறையில் இந்தக் குறை இருக்கிறது, அவளிடம் சொல். பட்டுத் துணி நான் கட்டிக்கொள்ளவில்லை. கட்டவும் மாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படம் என்னிடம்தான் இருக்கிறது. ஞானம்மாளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் போவதில்லை. அதை ஜன்னல் பக்கம் வைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஜூன் மாதக் கடிதத்தில் "காதுக்கு மேலே வெட்டச் சொன்னேன்" என்று நீயே எழுதியிருக்கிறாய். படத்தில் முடி காதை முழுவதும் மூடி, கீழே தோடு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அதுவும் சுருண்டிருக்கும்போது. நனைத்து இழுத்தால் இன்னும் கீழே வரும்.

நான் எழுதியது "முடி வளரும்வரை வராதே" என்று. எவ்வளவு என்று நான் எழுதவில்லை. வளர்ந்துவிட்டது. ஆகவே நான் சொன்ன சொல்லின்படியே நீ வர வேண்டியவள். வராமலிருந்தால் அது உன் பிடிவாதமாகும், என்னுடையதாகாது.

லீவை விட்டுக்கொடுத்த பெண்ணிடம் திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தால், தாயார் கேட்கிறாள் என்று சொல். கேரளத்துப் பெண்ணுக்கு அது புரியும். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன் இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று நானே நேராகத் தபாலாபீசுக்கு எடுத்துப் போகிறேன். போட்டுவிட்டாயானால் அதையும் எழுது, ஜனவரியோ ஜூலையோ, வேறு வழி என்ன என்று பார்ப்போம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நீ எப்படி வேண்டுமானாலும் தலை வாரிக்கொண்டு வா. நான் முதல் வரிசையில் இடம் பிடிக்கிறேன். சிரிக்கிறவர்கள் நம் இரண்டு தலையையும் சேர்த்துப் பார்த்துச் சிரிக்கட்டும்.

மீனம்பாக்கத்துக்கு நானே வருகிறேன். எந்தத் தேதி, எந்த நேரம் என்று எழுது. ஞானம்மாளிடம் சொல்லி அனுப்பாதே. எனக்கு, என் பெயருக்கு, எழுத்தில் பதில் வேண்டும்.

உன் தாயார்,
கிருபாபாய் வேதநாயகம்